நெய்யைத் துறந்த சுச்சா சிங்

இனிமேல் தன் வீட்டு வாசப்படியை நெய் மிதிக்காது என்று சுச்சா சிங் அறிவித்தார். வீட்டுக்குள் மட்டும் சொல்லியிருந்தால் பிறகு மெல்ல மென்று விழுங்கியிருக்கலாம். குருத்வாரா வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்த அத்தனை பெரிசுகள் முன்னாலும் நெஞ்சில் கை வைத்துச் சொல்லித் தொலைத்துவிட்டார்.

இத்தனைக்கும் பக்கத்து டவுனான ஜக்ராவில் டாக்டர் அவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சொன்னது வேறு. "சர்தார்ஜி, கொழுப்பு ஒண்ணும் கெட்டது இல்ல. வயல்ல உழைக்கிறவனுக்கு வேணும். பால் கொடுக்கிற தாய்க்கு எல்லாரையும்விட அதிகமா வேணும். கட்டில்ல இருந்து வெயிலுக்கும், வெயில்ல இருந்து கட்டிலுக்கும் போறீங்க பாருங்க, உங்களுக்குத்தான் வேண்டாம்."

ஆயுசு முழுக்க பஸ் ஓட்டி, ஹாரன் சத்தத்திலேயே பாதிக் காது போன மனிதர். கடைசியில் வந்த 'வேண்டாம்' மட்டும்தான் உள்ளே போயிற்று. தனக்கு வேண்டாம் என்றால் யாருக்கும் வேண்டாம். தான் காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருக்க, அடுத்த தட்டில் பரோட்டா மினுமினுப்பதா? அந்த வயிற்றெரிச்சலுக்குக் கொள்கை என்று பெயர் வைத்தார். தினமும் குருத்வாரா வாசலில் அதைப் பற்றிப் பிரசங்கம் வேறு. அந்தப் பேச்சில் மயங்கி, பக்கத்து வீட்டு பசித்தர் சிங்கும் நெய்யைக் கைவிட்டார்.

நேரம் பார்த்தா இதெல்லாம் நடக்க வேண்டும்? மருமகள் ரமனும் வீட்டு எருமையும் ஒரே வாரத்தில் பிரசவித்திருந்தார்கள். மகன் லாரியோடு அசாம் பக்கம் போயிருந்தான். இரண்டு பிரசவத்தையும் சுச்சா சிங்கின் மனைவி தல்பீரோ ஒருத்தியே பார்த்தாள். பிள்ளை பெற்றவள் நாற்பது நாளும் பஞ்சீரி தின்றாக வேண்டும். கோதுமை மாவை நெய்யில் பொன்னிறமாக வறுத்து, சர்க்கரை, பாதாம், சுக்கு, பிசின் எல்லாம் போட்டுக் கிளறியது. ரமனின் தாய்வீட்டிலிருந்து வந்த நெய் முதல் ஈட்டுக்கே தீர்ந்துவிட்டது. இன்னொரு டின் வாங்கி வாருங்கள் என்று தல்பீரோ கேட்டாள். சுச்சா சிங் அவளுக்கும் பிரசங்கம் செய்தார். எருமைப் பாலைத் தயிராக்கிக் கடைந்துவிடப் போகிறாளே என்று, அதையும் ஒரு சொட்டு விடாமல் டைரிக்கு ஊற்றச் சொன்னார்.

"சரிங்க," என்றாள் தல்பீரோ.

அவள் வாதாடினால் பயமில்லை. சரிங்க என்றால்தான் பயப்பட வேண்டும். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அன்றைக்கு அது உறைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, சாமான் அறையைத் தாண்டிப் போனவர் மூக்கில் வறுத்த மாவு வாசனை ஏறியது. அலமாரித் தட்டில் ஒரு பித்தளை டப்பா. மூடியைத் திறந்தால் பஞ்சீரி, மேலே நாலு பாதாம். ஒரு சிட்டிகைதானே என்று வாயில் போட்டார். நெய் படாமல் செத்துக் கிடந்த நாக்கு எழுந்து உட்கார்ந்தது. அடுத்த நாள் ஒரு பிடி. அதற்கடுத்த நாள் குர்தாப் பை நிறைய. தல்பீரோ பால் கறக்கப் போகும் நேரத்தில் அள்ளிக்கொண்டு, டாக்டர் சொன்ன நடைப்பயிற்சி என்று கடுகு வயலுக்குப் போய் வரப்பில் உட்கார்ந்து தின்பார். கொஞ்சம் கசந்தது. மருந்துச் சரக்கு கூடுதல் போலிருக்கிறது என்று நினைத்தார். பல்லிடுக்கில் ஏதோ தவிடு மாதிரி சிக்கியது. பாதாம் தோலாக இருக்கும் என்று அதையும் விழுங்கினார்.

ஒரு நாள் காலை வரப்பிலிருந்து திரும்பும்போது வீட்டில் பேத்தி வீறிட்டுக்கொண்டிருந்தாள். குழந்தையை எடை பார்க்க ஊர் நர்ஸ் வந்திருந்தாள். கட்டிலில் ரமன் வெளுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு வாய் தின்னுறது ரெண்டு உயிருக்குப் போகணும்," என்று நர்ஸ் தல்பீரோவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "வழக்கமா தின்னுறதுக்கு மேல ஒரு வேளைச் சாப்பாடு கூடவே வேணும். இவ பங்கு நெய்யில கை வச்சிடாதீங்க. நீங்க கொடுக்கலைன்னா, இவ தன் உடம்பை உருக்கிப் பால் கொடுப்பா."

சுச்சா சிங் நெய்யில் கை வைத்ததோடு விட்டாரா, பஞ்சீரியிலும் அல்லவா வைத்தார்!

ரமன் தலையை நிமிர்த்தி, மரியாதையாகச் சொன்னாள். "டாடிஜி, உங்க தாடியில என்னமோ ஒட்டியிருக்கு."

தட்டிவிட்டார். விரலெல்லாம் துகள். பச்சை உடம்புக்காரியின் வாய்ச் சோற்றைத் தட்டிப் பறித்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பேத்தி பசியில்தான் அழுகிறாள், அந்தப் பசி தன் வயிற்றுக்குள்தான் இருக்கிறது என்று தோன்றியது. யார் முகத்தையும் பார்க்காமல், சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜக்ராவுக்கு மிதித்தார்.

இருப்பதிலேயே பெரிய டின்னாக வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினால், எதிரே பசித்தர் சிங்.

பசித்தர் சிங் டின்னைப் பார்த்தார். அப்புறம் தாடியைப் பார்த்தார். தட்டியும் போகாத துகள் ஒன்றிரண்டு அதில் மிச்சமிருந்தது.

"ஓய் சுச்சா, உன் பேச்சைக் கேட்டு நான் காஞ்ச ரொட்டியா தின்னுக்கிட்டிருக்கேன். என் வீட்டுக்காரி என்னோட பேச்சையே நிறுத்திட்டா. நீ டின்னோட போறியா?"

மருமகளுக்கு என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். ஆனால் இந்தத் தாடியை வைத்துக்கொண்டு சொன்னால் எவன் நம்புவான்? சுச்சா சிங் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளை நோக்கி நடந்தார். சாயங்காலத்துக்குள் விஷயம் குருத்வாரா வாசலுக்குப் போய்விடும். இனி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

வீட்டில் தல்பீரோ அடுப்பில் பெரிய கடாயை ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தாள். மாவு சலித்துத் தயாராக இருந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை. டின்னை அவள் காலடியில் இறக்கினார்.

"தல்பீரோ, நான் பாவி. ரமனோட பஞ்சீரியைத் தினம் திருடித் தின்னது நான்தான். குழந்தை அழுததுக்கும் நான்தான் காரணம்." கண் கலங்கிவிட்டது.

"குழந்தைக்கு வயித்து வலி. ஓமத் தண்ணி கொடுத்தேன், தூங்குது." தல்பீரோ டின்னின் மூடியை நெம்பிக்கொண்டே சொன்னாள். "ரமனோட பஞ்சீரி அவ பெட்டியில பத்திரமா இருக்கு. நாளையோட தீருது. அதுக்குள்ள நெய் வந்துடும்னு தெரியும்."

"அப்போ அந்தப் பித்தளை டப்பா?"

"அது எருமைக்குக் கிளறினது. வறுத்த மாவு, தவிடு, வெல்லம், வெந்தயம், கடுகெண்ணெய்."

சுச்சா சிங் பொத்தென்று முக்காலியில் உட்கார்ந்தார். கசப்பும் தவிடும் இப்போதுதான் விளங்கின. இருந்தும் மனசில் ஒரு மூலையில் பாரம் இறங்கியது. மருமகள் பங்கில் கை வைக்கவில்லை. ஆனால் கன்று போட்ட ஜீவன், அதுவும் ஒரு தாய்தானே?

"வாயில்லாத ஜீவனோட தீனியையா பறிச்சுத் தின்னேன்?" என்றார் தழுதழுத்து.

"பறிக்க எல்லாம் இல்ல," என்றாள் தல்பீரோ. "வெந்தயம் கூடிப்போச்சுன்னு அது மோந்து பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. வீணாப் போகுதேன்னு, நாலு பாதாம் தூவி உங்க கைக்கு எட்டுற மாதிரி வச்சேன்."