குருநகர்க் குளிரறையில் ஒரு தென்துருவம்

குருநகர்.

அன்பும் பொறுமையும் உள்ள அருமைநாயகி அக்காவுக்கு,

தம்பி சூசைதாசன் எழுதுவது. மன்னாரில் நீங்களும் அத்தானும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன். இங்கே எல்லோரும் சுகம், என் மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. காரணம் உங்கள் மகள் ஜெனிற்றா.

தென்துருவ ஆராய்ச்சிக் குழுவுக்கு டொக்டராகப் போகிறாளே, அதற்குமுன் குழுவோடு குளிரில் பழகவேண்டுமாம். என் ஐஸ் தொழிற்சாலையின் குளிரறையை ஒரு காலைப்பொழுதுக்குக் கேட்டாள். மருமகள் கேட்டால் மறுக்க முடியுமா, மீனை வெளியே எடுத்துவிட்டுக் கொடுத்தேன். துருவத்தில் சிக்னல் இருக்காது என்று போன்களையும் வெளியே வைத்துவிட்டு, தடித்த அங்கிகளோடு நால்வர் உள்ளே போனார்கள். நான் இடுப்பில் கட்டிய சாரத்தோடு தேத்தண்ணி கொண்டுபோனேன். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. எஞ்சினியர் பிரவீணன் இழுக்க, பிடி அவனுடைய கையோடு வந்துவிட்டது. வெளியே ஐஸ் நொறுக்கும் மெஷின் போட்ட சத்தத்தில் நாங்கள் கத்தியது ஒருவருக்கும் கேட்கவில்லை.

"ஒருத்தரும் கதவிலை கை வைக்காதேங்கோ. முதல் யோசிப்பம்" என்றான் பிடியை வைத்திருந்தவன். வானிலை ஆராயும் மானிப்பாய்ப் பிள்ளை ஆரபி வெப்பமானியைப் பார்த்து, "மைனஸ் பத்து. இன்னும் இறங்கும்" என்று சந்தோஷமாகச் சொன்னாள். பென்குயின் படித்த கோகுலன் எங்களை வட்டமாக ஒட்டி நிற்கச் சொன்னான், பென்குயின்கள் அப்படித்தானாம். எனக்குப் பல் கிட்டிக்கொண்டு வந்தது. ஜெனிற்றா என் கண்ணை விரித்துப் பார்த்து, "மாமா, உங்கடை பேர் என்ன?" என்றாள்.

"உனக்குப் பேர் வைச்சதே நான்தானடி."

"புத்தி தெளிவோ எண்டு பாக்கிறன். பேரைச் சொல்லுங்கோ."

பிறகு யார் தலைவர் என்று சண்டை. நால்வரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். என் கால் மரத்து நான் வெறும் மீன்பெட்டியில் விழுந்தபிறகுதான் வாய் மூடினார்கள். பயந்துவிட்டார்கள், அக்கா. ஆரபி வெப்பமானியைக் கதவோரம் நகர்த்தி, வெளிச்சூடு கசியும் இடுக்கைக் கண்டுபிடித்தாள். நாக்கை அமுக்கிப் பார்க்கும் ஜெனிற்றாவின் இரும்புத் தகட்டை அதற்குள் விட்டுப் பிரவீணன் கொளுக்கியை நெம்பினான். விரல் விறைத்ததும் கோகுலன் எல்லோரையும் அவனைச் சுற்றி ஒட்டவைத்தான். ஜெனிற்றா பிரவீணனின் கையைப் பிடித்துத் தேய்த்தாள். விரல் சூடானபிறகும் விடவில்லை, அதை நீங்கள் தனியாக விசாரியுங்கள்.

கடைசியில் கொளுக்கி விலகிக் கதவு திறந்தபோது ஐந்து பேரும் கட்டிப்பிடித்தபடி நின்றோம். ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்த என் வேலையாள் றஜிந்தன் எட்டிப் பார்த்து, "அண்ணை, உள்ளுக்கை செபமோ?" என்றான்.

ஆகவே அக்கா, பிள்ளையைப் போகவிடாதீர்கள். ஒரு கதவையே இத்தனை பேர் சேர்ந்துதான் திறக்கிறார்கள், கதவே இல்லாத பனிவெளியில் என்ன செய்வார்கள்? நீங்கள் அழுதால் கேட்பாள், அழுங்கள். அத்தானுக்கு என் அன்பு. அந்தோனியார் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
தும்மலுடன் தம்பி,
சூசைதாசன்

பி.கு.: மாலையில் நால்வரும் மறுபடி வந்தார்கள். துருவத்தில் தோண்டும் பனியைக் கெடாமல் கொண்டுவர, குளிரறை வேலை தெரிந்த ஒருவர் வேண்டுமாம். ஜெனிற்றாவை மறிக்க வேண்டாம், எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும். என் மனைவி வசந்தினிக்கு மட்டும் நீங்களே போன் எடுத்துச் சொல்லிவிடுங்கள். அவவிடம் சொல்லுகிற தைரியம் எனக்கில்லை.