இரட்டைக்குட்டி மகானின் பின்வாசல்

மைதானத்தில் எள் விழ இடமில்லை. இரட்டைக்குட்டி மகான் ஊதினால் ஆடு இரட்டையாக ஈனும்! நம்பாதவர்கள் அவர் பட்டியைப் போய்ப் பார்க்கலாம். தாய் ஒன்று, பின்னால் குட்டி இரண்டு. அந்தப் பட்டியில் பிறந்த பெட்டைகளை 'ஊதிப் பிறந்தவை' என்று விற்பார். அவற்றுக்குத் தனி மவுசு.

அந்த மவுசில் மயங்கியவர்களில் அந்த ஊர்ச் சின்ன மருமகள் ஒருத்தியின் மாமியாரும் உண்டு. வாங்கி வந்த பெட்டைகளில் பாதி சினையே பிடிக்கவில்லை. மகானிடம் ஓடினாள். அவர் கண்ணை மூடினார். காரணம் உடனே கிடைத்துவிட்டது.

"வீட்ல பிள்ளை பெறாதவ ஒருத்தி இருக்கா. அவ நிழல் விழுந்திருக்கு."

அன்றிலிருந்து சின்ன மருமகள் பட்டிக்குள் கால் வைக்கக் கூடாது. அவள் கையால் பால் குடித்த குட்டிகள் வேலிக்கு அந்தப் பக்கம் கத்தின. புருஷனுக்கு வாய் உண்டு. அம்மா எதிரில் மட்டும் திறக்காது.

அழுது முடித்துவிட்டு அவள் கால்நடை டாக்டரம்மாவிடம் போனாள். டாக்டரம்மா வந்து ஆடுகளை ஸ்கேன் செய்தார், ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வந்ததும் கூப்பிட்டுச் சொன்னார்.

"முட்டையே ஒரு வளர்ச்சிப் புரதத்தைச் சுரக்கும்மா. சுத்தி இருக்கற செல்லுங்கள்ல அதை வாங்கிக்கற ஏற்பி இருக்கு. ரெண்டும் சேர்ந்தாத்தான் முட்டை வளரும். இந்த மந்தையில அந்தப் புரதத்தோட மரபணு கெட்டிருக்கு. பெட்டைக்குத் தாய்கிட்ட ஒண்ணு, கிடாகிட்ட ஒண்ணுன்னு அது ரெண்டு பங்கு. ஒரு பங்கு கெட்டா புரதம் குறையும். ஒண்ணுக்கு ரெண்டு முட்டையா முதிரும், இரட்டைக் குட்டி வரும். ரெண்டு பங்கும் கெட்டா முட்டை வளரவே வளராது. அந்த மகான் அதே கெட்ட மரபணு உள்ள தன் கிடாவையே தன் பெட்டைங்களோட சேர்க்கறாரு. பொறக்கற பெட்டையில பாதி மலடு."

"அப்போ என் நிழல்?"

"வெயில்ல நின்னா விழும். அவ்வளவுதான்."

அடுத்த கூட்டத்தில் டாக்டரம்மா ஓரமாக நிற்க, சின்ன மருமகள் ஐந்து ஆடுகளோடு மேடை முன் நின்றாள். மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சாமி, இதுல எதெது மேல என் நிழல் விழுந்திருக்கு?"

மகான் முகர்ந்தார், நடுங்கினார், இரண்டைக் காட்டினார். "ஐயோ! பாவம் நெருப்பா எரியுது!"

"அஞ்சுமே டாக்டரம்மா பண்ணை ஆடுங்க. இங்க வண்டியை விட்டு அதுங்க இறங்கினப்போதான் நானே முதல்ல பார்த்தேன். அதுவும் மேகமூட்டத்துல."

சிரிப்பு கிளம்பியது. மகான் சமாளித்தார். "என் பட்டியில ஒரு மலடு உண்டா? சொல்லச் சொல்லு!"

கூட்டத்திலிருந்து கறிக்கடைக்காரர் எழுந்தார். பாவம், உண்மையான பக்தர். "அப்படிச் சொல்லாதீங்க சாமி. மாசா மாசம் பின்வாசல் வழியா மலட்டு ஆட்டை வண்டி நிறைய எனக்குத்தானே அனுப்பறீங்க? மலடான்னு தெரியறதுக்கு முன்னாடியே இளம் பெட்டைங்களைத்தானே முன்வாசல்ல விக்கறீங்க?"

மகான் மைக்கை விட்டுவிட்டு, தாம் நன்கறிந்த அந்தப் பின்வாசலை நோக்கி ஓடினார். புருஷனுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "அம்மா, இனிமே பட்டிச் சாவி அவகிட்டதான் இருக்கும்."

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டம் அப்படியே திரும்பி டாக்டரம்மாவைச் சூழ்ந்துகொண்டது. "தாயே, உங்க கையால எங்க ஆட்டை ஒரு தடவை தொட்டுக் குடுங்க!"

சின்ன மருமகளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஆட்டை விடுங்க. அவங்கவங்க தலையைத் தொட்டுப் பாருங்க. மலடா இருக்கறது அதுக்குள்ள இருக்கறதுதான்!"