பேர் வெட்டின ஆம்ப்ளிஃபயர்

இனிமே தினம் ஒரு மணி நேரம் என் பொண்டாட்டி பேசறது என் காதுல விழக்கூடாது. இப்படி ஒரு முடிவெடுத்த ஆம்பளை நெய்வேலி டவுன்ஷிப்லயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். மத்தவங்க ஆசைப்பட்டிருப்பாங்க. முடிவே எடுத்தவன் நான்.

என் நியாயத்தைக் கேளுங்க. பேரு சிங்காரவேல். மைன்ஸ்ல கன்வேயர் எலக்ட்ரீஷியன், பெர்மனன்ட். ஷிப்ட் பூரா காதுக்குள்ள கன்வேயர் கடகடன்னு ஓடும். ஆனா கன்வேயருக்கு ஸ்விட்ச் இருக்கு. வூட்டுக்கு வந்தா ஆதிலட்சுமி.

அவ பேச்சுல கோபம் கிடையாது, பாவம். எல்லாம் தகவல்தான். கேஸ் தீரப்போவுது. எதிர் குவார்ட்டர்ஸ்ல பூனை குட்டி போட்டிருக்கு. அவ அம்மாவுக்கு முட்டி வலி. மிக்சி புகையுது. எல்லாத்துக்கும் நான் ஒரே பதில்தான் வெச்சிருப்பேன்: "பார்க்கலாம்."

அதனால ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஒண்ணு நானே செய்யறதுன்னு இறங்கினேன். கடையில வாங்கலாமேன்னு கேக்காதீங்க. ஆயிரக்கணக்கான வோல்ட் மோட்டாரையே தட்டிக்குடுத்து ஓட்டறவன், ஒன்பது வோல்ட் பொட்டிக்கு ஒரு கடைக்காரன் முன்னாடி போய் நிக்கவா? போர்டு, வால்யூம் குமிழ், காதையே முழுசா மூடுற ஹெட்போன், எல்லாம் பார்சல்ல வந்துச்சு. ஆஃப் நாள் எல்லாம் சால்டரிங் புகையிலயே போச்சு. விரல்ல சுடாத இடம் பாக்கி இல்ல. ஒரு வழியா பிளாஸ்டிக் டப்பாவுக்குள்ள எல்லாத்தையும் அடைச்சு ஆன் பண்ணினேன்.

ங்ங்ங்ங்ங்ஙொய்ய்ய்ங்!

பாட்டைக் காணோம். வண்டுதான் பாடுது. இதுக்குப் பேரு ஹம். கரண்டு பொறக்கற ஊர்ல உக்காந்துக்கினு பிளாஸ்டிக் டப்பால ஆம்ப்ளிஃபயர் கட்டினா வேற என்ன வரும்? நாலாபக்கமும் உலோகம் மூடினாத்தான் அடங்கும்.

சமையக்கட்டுப் பரண்ல பார்த்தேன். கச்சிதமான மூடியோட ஒரு எவர்சில்வர் சம்படம் பளபளன்னு உக்காந்திருக்கு. ஆதிலட்சுமியோட கல்யாணச் சீர். வயித்துல "வே. ஆதிலட்சுமி, காடாம்புலியூர்"னு பேர் வெட்டியிருக்கு. அம்மா வூட்டுச் சீர்ப் பாத்திரத்துல ஒரு கீறல் விழுந்தாலே அவ அன்னிக்குச் சோறு திங்க மாட்டா. நான் டிரில் வெச்சு மூணு ஓட்டை போட்டேன்.

சும்மா சொல்லக்கூடாது, ஹம் செத்தே போச்சு! பேர் தெரியாம கறுப்பு டேப்பை மேலேர்ந்து கீழ வரைக்கும் சுத்தினேன். விஷயம் தெரிஞ்சா ஆம்ப்ளிஃபயரைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுடுவா. தராசுல என்னையும் சேர்த்து ஏத்திடுவா.

"என்னங்க இது?"

"ஆம்ப்ளிஃபயர். ஃபாரின் டப்பா."

"ஃபாரின்லயும் மூடி நம்ம சம்படம் மாதிரியே இருக்குமா?"

"உலகம் பூரா ஒரே சைஸ்தான் ஆதி."

அன்னிக்கு சாயங்காலம் ஹெட்போனை மாட்டிக்கினு உக்காந்தேன். ஆகா! வலது காதுல மிருதங்கம், இடது காதுல வயலின், நடுவுல என் மண்டை. எதிர்ல ஆதிலட்சுமி வாய் அசையுது. ஒரு பொட்டு சத்தம் வரலை. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் மஹ்மூதா அக்கா அவகூட உக்காந்துக்கினு வாயைப் பொத்திச் சிரிக்கறாங்க. சிரிக்கட்டும். நான் கண்ணை மூடி, தாளத்துக்குத் தலையை ஆட்டிக்கினே இருந்தேன். ஜெயிச்சுட்டேன்டா சிங்காரவேலு!

அந்த வாரமே காடாம்புலியூர்லேர்ந்து மச்சான் முந்திரிப்பருப்பு கொண்டாந்தான்.

"என்னங்க, என் சீர்ச் சம்படத்தைப் பார்த்தீங்களா? முந்திரி கொட்டி வெக்கணும்."

நான் ஆம்ப்ளிஃபயர் மேல துண்டைத் தூக்கிப் போட்டேன்.

"அது... ஹபீப் பாய் வூட்டுல இருக்கே. தீபாவளிக்கு அதிரசம் வெச்சுக் குடுத்தியே, மஹ்மூதா அக்காகிட்ட."

"அட, ஆமால்ல! மறந்தே போச்சு. அப்ப காலியா வராதே."

"எது?"

"சம்படங்க. நம்ம பிளாக்ல யாரு வெறும் பாத்திரத்தைத் திருப்பித் தந்திருக்காங்க? அதுவும் மஹ்மூதா அக்கா! பிரியாணியோடதான் வரும். ஞாயித்துக்கிழமை நான் உலை வெக்கலை, சொல்லிட்டேன்."

ஓடினேன் வடலூருக்கு. பாத்திரக்கடையில புதுச் சம்படம் வாங்கி, அங்கயே அதே பேரையும் வெட்டச் சொன்னேன். போற அவசரத்துல பழசை அளவெடுத்துக்கினு போகலை. எதுக்கும் பெருசாவே இருக்கட்டும்னு எடுத்துட்டேன். வள்ளலார் ஊர்ல போய்ப் பிரியாணிக்குச் சம்படம் வாங்கினவன் நானாத்தான் இருப்பேன்.

அப்புறம் நேரா ஹபீப் பாய்கிட்ட. மஹ்மூதா அக்கா வூட்டுக்காரர், ஷிப்ட்ல எனக்கு சீனியர்.

"வேலு, நான் பொய் சொல்ல மாட்டேன்பா."

"பொய் வேணாம் பாய். இதுல பிரியாணியைப் போட்டுக் கொண்டாந்து குடுங்க. வாயே தொறக்க வேணாம்."

"கோழி யாரு வாங்கறது?"

"நான்தான் பாய்."

"அரிசி?"

"அதுவும் நான்தான்."

"அப்ப எங்க வூட்டுக்கும் சேர்த்தே வாங்கிரு. கொஞ்சமா செஞ்சா பிரியாணி ருசிக்காது."

ஞாயித்துக்கிழமை பாய் வந்தார். சிரிச்சார். சம்படத்தைக் குடுத்தார். போயிட்டார். ஆதிலட்சுமி அதைச் சுத்திச் சுத்திப் பார்த்தா.

"ஏங்க, சம்படம் வளர்ந்திருக்கே?"

"வெயிலுக்கு எவர்சில்வர் விரியும் ஆதி. மைன்ஸ்ல தண்டவாளமே விரியுது."

"பேரு கூட விரிஞ்சிருக்கு."

"பேரும் எவர்சில்வர்லதானே இருக்கு?"

"நாலும் தெரிஞ்சவங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்"னு ஒரு லெக் பீஸை எடுத்து என் தட்டுல வெச்சா. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.

ஆனா அதுக்கப்புறம் வூட்டுல என்னென்னமோ நடக்க ஆரம்பிச்சுது. ஒரு நாள் ஷிப்ட் முடிஞ்சு வந்தா, ஹால்ல என் நாற்காலியில மாமியார். "ஒரு மாசம் இருந்துட்டுப் போகச் சொன்னீங்களாமே மாப்ள, ரொம்ப சந்தோஷம்!" நானா? மறுவாரம் புது மிக்சி. "நீங்கதானே சரின்னீங்க?" அதுக்கப்புறம் வாசல் கூட்டற வேலை என் தலையில. "சந்தோஷமா ஒத்துக்கினீங்களே!" எனக்கே பயம் வந்துருச்சு. அதுக்குள்ள மூளை மழுங்கிப்போச்சா? கவலையை மறக்க இன்னும் அதிகமா பாட்டுக் கேட்டேன்.

ஒரு சாயங்காலம் மாமியார் பெருக்கிக்கினே வந்தாங்க. தொடப்பம் வயர்ல மாட்டி பிளக் கழண்டுருச்சு. பாட்டு நின்னுது. மூடின ஹெட்போனுக்குள்ள, கெணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி ஆதிலட்சுமி குரல் கேட்டுச்சு.

"...அப்ப புது அண்டா எடுத்துக்கவா?"

என் தலை பழைய வேகத்துல இன்னும் ஆடிக்கினு இருக்கு.

"சரின்னுட்டார் ஆதி. நான் சாட்சி"ன்னாங்க மஹ்மூதா அக்கா.

ஹெட்போனைப் பிடுங்கினேன். "எது சரி? யாரு சரின்னா?"

"அடடா, பாட்டு நின்னுருச்சாங்க?"

ஆதிலட்சுமி நிதானமா எழுந்து வந்து, நகத்தால டேப்பைக் கொஞ்சமா உரிச்சா. கறுப்புக்குள்ளேர்ந்து "வே. ஆதி" எட்டிப் பார்த்துச்சு.

"உ... உனக்கு எப்பத் தெரியும்?"

"மொதல் நாளே. 'என் சம்படத்துல ஓட்டை போட்டீங்களா?'ன்னு உங்க மூஞ்சிக்கு நேராக் கேட்டேன். ஆமான்னு தலையாட்டினீங்க. 'புதுசு வாங்கித் தருவீங்களா?'ன்னேன். அதுக்கும் ஆட்டினீங்க. அக்காவைக் கேட்டுப் பாருங்க."

"அப்ப அந்த முந்திரி? அதிரசம்? பிரியாணி?"

"பாய் வூட்டுக் கதையை ஆரம்பிச்சது நீங்க. பிரியாணி நல்லாத்தானே இருந்துச்சு?"

"எதுக்குடி இந்த நாடகம்? புதுச் சம்படம் வேணும், மிக்சி வேணும்னு நேரா கேக்கறதுதானே?"

"கேட்டா என்ன சொல்வீங்க?"

யோசிச்சுப் பார்த்தேன். "...பார்க்கலாம்னு."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அதான். இந்த டப்பா வந்தப்புறம்தான் நான் எது சொன்னாலும் சரிங்கறீங்க. எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருக்கு தெரியுமா?" அவ கண்ணு நெசமாவே கலங்கிருச்சு. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

"அப்ப ஆம்ப்ளிஃபயரைப் பேரீச்சம்பழத்துக்குப் போடலையா?"

"ஐயய்யோ! இதையா? எங்கம்மா வூட்டுச் சீருங்க. உசிரா வெச்சுக்குவேன்."

சொல்லிட்டு உள்ள போய், நசுங்கின பெரிய அண்டா ஒண்ணை உருட்டிக்கினு வந்து என் முன்னாடி நிறுத்தினா.

"இதுல ஒரு ஸ்பீக்கர் கட்டுங்களேன். அம்சமா இருக்கும். புது அண்டா நான் பார்த்து வெச்சிருக்கேன்."

ஆம்பளைன்னா ஒரு இடத்துலயாவது நிமிர்ந்து நிக்கணும். நின்னேன்.

"பார்க்கலாம்."

ஆதிலட்சுமி பிளக்கைச் சொருகினா. மஹ்மூதா அக்கா சாட்சிக்கு நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டுக்கினாங்க. ஆதிலட்சுமியே ஹெட்போனை எடுத்து, பதமா, என் காதுல மாட்டினா.

பாட்டு வந்துச்சு. நல்ல தாளம்.

தலை ஆடிருச்சு.