மூன்றாம் வகுப்பு சிமெண்ட் டீலர்

மேஜைமேல் கைபேசி சிணுங்கியது. திரையில் 'சிமெண்ட் டீலர்' என்று வந்தது. கனிமொழி சட்டென்று அதைக் கவிழ்த்து வைத்தாள்.

சிமெண்ட் டீலர் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பெயர் ஷ்ருதி. கனிமொழியின் ஒரே மகள். இன்று பன்னிரண்டு மணிக்கு டில்லி மோதி பாக்கில் அவள் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அப்பா வேணு கடற்படை வேலையாக விசாகப்பட்டினத்தில். அம்மா வந்து அழைத்துப் போவாள் என்று வீட்டில், பக்கத்து ஃபிளாட் வத்சலா மாமியின் காவலில், சீருடையோடு காத்திருக்கிறாள்.

மகள் கைபேசியில் சிமெண்ட் டீலரானதற்குக் காரணம் உண்டு. பழைய கம்பெனியில் ஒரு பாலத்துக்குப் பொறுப்பாளராகக் கனிமொழியின் பெயர் வந்தபோது, "குழந்தையை வச்சுக்கிட்டு பாவம், எப்படிம்மா?" என்று மேலதிகாரி இரக்கப்பட்டு, அதை ஓர் ஆணுக்குக் கொடுத்துவிட்டார். இந்த ஓக்லா கம்பெனியின் பாலப் பிரிவிலும் அவள் ஒருத்திதான் பெண். சேர்ந்த நாள் முதல் குழந்தை என்ற சொல்லையே அவள் உச்சரித்ததில்லை. அதுவும் இன்று மாலை, நொய்டா மேம்பாலத்துக்குப் பொறுப்பாளர் யார் என்று அறிவிக்கப் போகிறார்கள்.

மேலாளர் சதாசிவத்தின் முன்னால் போய் நின்றாள். "சார், அரை நாள் லீவு வேணும். காரோட கிளட்ச் போயிடுச்சு."

"கிளட்சா!"

யாருக்கோ நெஞ்சு வலி என்று கேட்டவர்போல அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஆபீஸே எழுந்து நின்றது.

"எனக்கு ரெண்டு பசங்க மேடம்," என்றார் பக்கத்து மேஜை அருள்ராஜ். எதைப் பேசினாலும் அவர் இப்படித்தான் தொடங்குவார். "எந்த கிளாஸ்னு கேட்டா வீட்டுக்காரிக்கு போன் போடணும். ஆனா என் வண்டியோட சர்வீஸ் தேதியை, தூக்கத்தில எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வண்டியை அப்படிப் பாத்துக்கணும்!"

எதிர் மேஜை சௌத்ரி கை நீட்டினார். "சாவி கொடுங்க மேடம்ஜி. கரோல் பாக்ல நம்ம ஆள் இருக்கான்."

"வண்டி வீட்டுல நிக்குது. நான் மெட்ரோவில வந்தேன்." அது மட்டும் உண்மை.

"அச்சா! அப்ப இன்னும் சுலபம்."

"அட்ரஸைச் சொல்லுங்கம்மா," என்று சதாசிவமும் சேர்ந்துகொண்டார். வேறு வழியின்றிச் சொன்னாள். சௌத்ரி போனில் முழங்கினார். "பையா, மயூர் விஹார்ல ஒரு வண்டியைத் தூக்கணும். ஜல்தி!"

சதாசிவத்தின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, ஆபீஸ்னா குடும்பம் மாதிரி. இனி லீவே தேவையில்லை. போய் வேலையைப் பாருங்க."

கொஞ்ச நேரத்தில் மறுபடி சிமெண்ட் டீலர். இந்த முறை எடுத்தாள்.

"அம்மா! நம்ம காரை யாரோ கொக்கி மாட்டித் தூக்கிட்டுப் போறாங்க!"

எல்லார் காதும் இந்தப் பக்கம். கனிமொழி தொண்டையைச் செருமினாள். "சிமெண்ட் சரக்கு போகட்டும். நான் நேர்ல வந்து பேசிக்கறேன்."

"சரக்குன்னா என்னம்மா?"

சதாசிவம் பாய்ந்து வந்தார். "நம்ம சிமெண்டை யாரும்மா தூக்கிட்டுப் போறான்? கொடுங்க இப்படி!" போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார். "யோவ், சரக்கை வேற எவனுக்காவது கொடுத்தே, ஒரு பைசா தேறாது, ஆமா!"

"அங்கிள், அம்மாகிட்ட போனைக் கொடுங்க! ஸ்கூலுக்கு லேட் ஆயிடுச்சு. மிஸ் திட்டுவாங்க!"



"டீலர் குரல் ரொம்பச் சின்னதா இருக்கே," என்றார் சதாசிவம்.

கனிமொழிக்கு அலுத்துவிட்டது. "டீலர் இல்லே சார், என் பொண்ணு. இன்னிக்கு அவ ஸ்கூல்ல பெற்றோர் கூட்டம். வண்டிக்கு ஒண்ணுமே ஆகலே."

"அதெப்படி?" என்று சௌத்ரி கொதித்தார். "வண்டியைக் கண்ணால பாக்கறதுக்கு முன்னாடியே நம்ம ஆள் சொல்லிட்டானே, கியர்பாக்ஸும் போச்சுன்னு!"

கனிமொழி அவரைக் கவனிக்கவில்லை. "குழந்தை இருக்குன்னு தெரிஞ்சா பாலத்தைக் கொடுக்க மாட்டீங்கன்னுதான் மறைச்சேன் சார். இப்ப தெரிஞ்சு போச்சு. உங்க இஷ்டம்."

சதாசிவம் தலையில் கை வைத்தபடி நாற்காலியில் சாய்ந்தார்.

"அடப் பாவமே! குடும்பத்தையும் வேலையையும் சேர்த்துச் சமாளிக்கத் தெரிஞ்ச ஆள்தான் நொய்டாவுக்கு வேணும்னு மேலிடத்தில சொன்னாங்கம்மா. இங்கே குழந்தைங்களைப் பத்திப் பேசறவர் அவர் ஒருத்தர்தானேன்னு, காலையிலேயே அருள்ராஜ் பேரை அனுப்பிட்டேனே!"