நாற்பது சொல்லும் மருந்துப் பெட்டி அட்டையும்

அன்புக்கும் பயபக்திக்கும் உரிய அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நீயும் அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மூவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. ஆனால் இரண்டு பேர்தான் நலம். மூன்றாவது ஆள் நான். இதை உங்கள் ஊருக்கு வரும் மருந்து வண்டி ஓட்டுநரிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கே உன் கைக்கு வந்துவிடும்.

விஷயம் என் மகள் சிட்டுவைப் பற்றியது. பத்து நாளைக்கு முன் அவளுடைய ஒன்றாம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, நாற்பது சொற்கள் எழுதிய தாளைக் கையில் கொடுத்தார். நான், நீ, அது, அங்கே, இல்லை என்று, எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் வருகிற சொற்கள்தான். "எழுத்துக் கூட்டிக்கிட்டு நிக்கக் கூடாது சார். பார்த்த உடனே வாய்ல வரணும். மாசக் கடைசித் திங்கட்கிழமை நானே கேட்பேன். முப்பது சொல்லாவது வரலைன்னா, கீழ் வகுப்புல போய் மறுபடி உட்காரட்டும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பல் டாக்டர்கூடச் சிரித்துக்கொண்டேதான் வாயைத் திறக்கச் சொல்கிறார்.

நீ இருபது வருஷமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள். அப்போதே உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், ஆழம் தெரியாமல் காலை விட்டேன். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில் காலிப் பெட்டிகளுக்குப் பஞ்சமா? நாற்பது பெட்டிகளைக் கொண்டுவந்து வெட்டி, உள்பக்க வெள்ளையில் கொட்டை எழுத்தில் ஒவ்வொரு சொல்லாக எழுதினேன். தினமும் கடைக்குப் போகுமுன் அரை மணி நேரம், சாப்பாட்டு மேசையில் அவளை எதிரே உட்காரவைத்து, அட்டையைத் தூக்கிக் காட்டி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணுவேன். மூன்றுக்குள் சொல்லிவிட வேண்டும். முதல் மூன்று நாள் திருதிருவென்று விழித்தாள். நாலாம் நாளிலிருந்து, அக்கா, மடமடவென்று கொட்டுகிறாள்! நாற்பதுக்கு முப்பத்தொன்பது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க வந்த ஒருவர், பாவம், என் மகளின் பெருமை முழுவதையும் கேட்ட பிறகுதான் வீட்டுக்குப் போக முடிந்தது.

நேற்று தண்ணீர் கவிழ்ந்து அட்டை எல்லாம் ஊறிப்போனது. போகட்டும் என்று வெள்ளைத் தாளில் புதிதாக எழுதி 'அங்கே'யைக் காட்டினேன். பார்த்தாள். தாளை வாங்கிப் பின்பக்கமும் பார்த்தாள்.

"ஓரத்துல பச்சை எங்கேப்பா?"

"பச்சை எதுக்கு?"

"ஓரம் பச்சையா இருந்தா 'அங்கே'. ரெண்டு மடிப்பு இருந்தா 'இல்லை'. மூலை கிழிஞ்சிருந்தா 'நீ'."

அக்கா, எழுத்தை அவள் சட்டையே செய்யவில்லை. இத்தனை நாளும் என் மகள் மருந்துப் பெட்டியைப் படித்திருக்கிறாள்! அடுத்த தாளைக் காட்டி எண்ணினேன். வாயே திறக்கவில்லை. அதற்கடுத்ததற்கும் அதேதான்.

யாரைக் குறை சொல்வது? விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்? கடையில் நான் செய்வதும் அதுதானே. பெயரைப் படித்தா மருந்து எடுக்கிறேன்? சிவப்புப் பட்டை மேல் தட்டு, ஊதாப் பட்டை கீழ்த் தட்டு, கை தானாகப் போகும். போன மாதம் ஒரு கம்பெனி பெட்டியின் நிறத்தை மாற்றித் தொலைத்தது. இருமல் மருந்து கேட்ட பெரியவருக்கு முடி உதிராமல் இருக்கத் தடவும் தைலத்தை எடுத்து நீட்டிவிட்டேன். "யோவ், அவருக்குத் தலைல முடியே இல்லையேய்யா!" என்று முதலாளி பெட்டியைப் பிடுங்கினார். கடையே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் இரண்டு தரம் படித்துப் பார்த்துத்தான் கொடுத்தேன். அது தைலமாக இல்லாமல் வேறு ஏதாவதாக இருந்திருந்தால்? இந்தப் பயம் என் பிள்ளைக்கும் வர வேண்டுமா?

திங்கட்கிழமைக்கு இன்னும் நாலே நாள். நீ சனிக்கிழமையே கிளம்பி வந்து, அவளை உன் கையில் எடுத்துக்கொள். "ஆறு வயசுப் பிள்ளைதாங்க. தானா வரும். நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்கிறாள் உன் தம்பி மனைவி. சும்மா இருப்பது எப்படி? அக்கா, எனக்குப் பயமாக இருக்கிறது.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு. மூத்தவளாகிய நீ எனக்குத் தர வேண்டிய ஆசியை இம்முறை கடிதத்தில் அனுப்பாதே. நேரில் கொண்டு வா.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட உன் தம்பி

பி.கு.: சனிக்கிழமை வர வேண்டாம். கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, உறை ஒட்டப் பசை தேடி அலமாரிக்குள் தலையை விட்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது: "சும்...மா இருப்...பது எப்...படி." திரும்பினால், சிட்டு நாற்காலியில் ஏறி நின்று கடிதத்தின் மேல் விரலை நகர்த்திக்கொண்டிருக்கிறாள்! இது எதுவும் அந்த நாற்பதில் இல்லை, அக்கா.

"ஏம்மா, நேத்து ஏன் வாயே திறக்கலை?" என்றேன்.

"நீங்க ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணினீங்கல்ல. எண்ணினா எழுத்தெல்லாம் ஓடிப்போயிடுதுப்பா" என்றாள். பிறகு அடுத்த வரிக்குப் போய், "யாருக்குப்பா பயமா இருக்கு?" என்று கேட்டாள்.

அப்பன் என்கிற மரியாதையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டாமா? "உங்கம்மாவுக்கு" என்றேன்.

விரலை மறுபடி வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுபோனாள். நான் எண்ணவில்லை.

"பொய். 'எனக்கு'ன்னுல்ல எழுதியிருக்கீங்க."