மாப்பிள்ளை பிடுங்கிய பிளக்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கு நான் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பாதகமில்லை. பிளக் விஷயமாக அன்றைக்கு நான் கத்தியதிலிருந்து நீ என் போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம். உன் வழக்கப்படி கடைசி வரியிலிருந்து படிக்காமல், மேலிருந்து படி.

உன் வீட்டுக் கட்டிலுக்கடியில் நான் வைத்துவிட்டு வந்த கறுப்புப் பெட்டி செருப்பு வைக்க அல்ல. என் கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் தினமும் நகலாகி அதில் போய்ச் சேரும். இங்கே தீயோ வெள்ளமோ வந்தாலும் உன் ஊரில் ஒரு பிரதி பிழைத்திருக்கும். ஆபீஸில் காலமெல்லாம் இதே வேலைதான் பார்த்தேன். அங்கே யாரும் இஸ்திரிப் பெட்டிக்காகப் பிளக்கைப் பிடுங்கியதில்லை. மாப்பிள்ளையைக் கேட்டால், "அது சும்மா முணுமுணுன்னு கெடந்துச்சு மச்சான், சட்டை கசங்கியிருந்துச்சு" என்கிறார். போன மாதத்திலிருந்து பெட்டி மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கிறது.

சட்டையா பெரிது? அந்தப் பெட்டியில் உன் அண்ணியின் குரல் இருக்கிறது. அந்தப் பழைய வாடகை வீட்டுச் சமையலறை நினைவிருக்கிறதா? டேப் ரெக்கார்டரை அலமாரியில் ஒளித்து வைத்து அவள் பாட்டைப் பதிந்தேன். நீ கரண்டியால் தாளம் போட்டாய். அவள் கண்டுபிடித்துவிட்டு, "ஐயோ, அதை நிறுத்துங்க, பால் பொங்குது!" என்று கத்த, நீங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பால் நிஜமாகவே பொங்கி அடுப்பை அணைத்தது. அவள் போன பிறகு, மனசு கனக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பைத்தான் போட்டுக் கேட்பேன். கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்ததுதான் மிச்சம்; அசல் கேசட் எப்போதோ பூஞ்சை பிடித்து வீணாகிவிட்டது.

ஆகவே படித்த கையோடு பெட்டிக்குச் சுவிட்சைப் போடு. உனக்கு என் ஆசிகள், மாப்பிள்ளைக்கு என் கோபம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: சுவிட்சைப் போடாதே! உறையை ஒட்டுமுன் அவள் குரலை ஒருமுறை கேட்கலாமென்று தேடினால், காணோம். போன வாரம் கம்ப்யூட்டரில் இடமில்லையென்று குப்பையைக் கழித்தபோது அதையும் சேர்த்து அழித்திருக்கிறேன். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்படி செய்து வைத்த மகா கெட்டிக்காரன் நான்தான். அந்தப் பெட்டி தூங்குவதால்தான் அவள் இன்னும் அதில் இருக்கிறாள். கூரியர்காரர் வாசலில் நிற்கிறார், வேறு கடிதம் எழுத நேரமில்லை. நல்லவேளை, நீ என்றைக்கு என் பேச்சைக் கேட்டாய்? கடைசியிலிருந்துதான் படித்திருப்பாய். டிக்கெட் கிடைத்ததும் ஓடி வருகிறேன். அதுவரை மாப்பிள்ளை அந்தப் பிளக்கில் சட்டை தேய்த்துக்கொண்டே இருக்கட்டும். என் சட்டைகளையும் கொண்டு வருகிறேன்.