நீலத்துணி கட்டிய சுரைக்காய்

அடுப்பில் தால்ச்சாக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்பர் அலி குப்பைக்கூடையில் அந்த நீலத்துணியைப் பார்த்தார்.

"ஏம்மா அஃப்சானா, நான் பறிச்சுக் குடுத்த சுரைக்காயிலயா இந்தத் துணி இருந்துச்சு?"

"ஆமா அத்தா. காம்புல கட்டியிருந்துச்சு, அவுத்துப் போட்டுட்டேன்" என்றாள் மகள்.

"போச்சு! அது விதைக்காய்ம்மா!"

கோடையின் கடைசிக் காயை மாடிக்கொடியிலேயே முற்றவிட்டு, யாரும் பறித்துவிடாமல் துணி கட்டி வைப்பது அவர் மனைவி குர்ஷித் பேகத்தின் வழக்கம். ஆடியில் அந்த விதையைத்தான் ஊன்றுவாள். அது அக்பர் அலியின் அம்மா கொடுத்த விதை. அம்மா மவுத்தான பிறகும் வருஷா வருஷம் அந்தக் கொடி மாடியேறிக்கொண்டிருந்தது. இப்போது அந்த அம்மா பெற்ற பிள்ளையே அதைக் குழம்புக்குப் பறித்துக் கொடுத்துவிட்டார். கண்ணாடி போடாமல் மாடிக்குப் போகாதீர்கள் என்று குர்ஷித் தலைபாடாக அடித்துக்கொண்டாள், மனுஷன் கேட்டால்தானே!

"விதைக்காய்னா முத்தியிருக்கணுமே அத்தா? இது வெண்ணெயா வெட்டுப்பட்டுச்சு."

"எங்கம்மா விதை அப்படித்தான்! தொட்டதுமே கையோட வந்துச்சு, பாவம்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

குர்ஷித் நத்தத்தில் இருக்கும் அக்பர் அலியின் அண்ணன் வீட்டுக்கு, மாங்காய் வாங்கி வருவதாகச் சொல்லிப் போயிருந்தாள். சாயங்காலம் வந்துவிடுவாள்.

அக்பர் அலி மார்க்கெட்டுக்கு ஓடி ஒரு சுரைக்காய் வாங்கிவந்து, அதே துணியால் கொடியில் கட்டினார். கனம் தாங்காமல் பந்தல் சாய்ந்தது. முட்டுக் கொடுக்க நாற்காலியை இழுத்தார், கீரைத்தொட்டி உடைந்தது. நாற்காலிமேல் ஏறிப் பந்தலைத் தூக்கினார். பந்தல் நிமிர்ந்தது, கொடி வேரோடு வந்துவிட்டது.

"அத்தா, பேசாம அம்மாகிட்ட உண்மையச் சொல்லிருங்க."

"இத்தன வருஷம் எங்கம்மாவுக்காகக் காப்பாத்துனவகிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுச் சொல்றது?"

வேரை மண்ணில் அமுக்கிவிட்டு நிமிர்ந்தால், எதிரே குர்ஷித் நிற்கிறாள். மாங்காய்ப் பையைக் காணோம். முந்தானை முடிச்சை மட்டும் இறுகப் பிடித்திருந்தாள். உடைந்த தொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுரைக்காயை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"காய்... நல்லாத்தான் இருக்குல்லங்க?"

"ரொம்ப நல்லாருக்கு" என்றார் அக்பர் அலி, வானத்தைப் பார்த்துக்கொண்டு.

அவள் சட்டென்று விலகிப்போய் மாடிச்சுவரோரம் நின்றாள். கீழே தெருவில் காய்கறி வண்டி தள்ளிவந்த சாணார்பட்டி ராமுத்தாய்க்கு அவள் தலை மட்டும்தான் தெரிந்தது.

"யக்கோவ்! நான் குடுத்த சுரைக்காய் கட்டுனபடியே தொங்குதா? விதைக்காயக் குரங்கு தூக்கிட்டுப் போனது தெரிஞ்சா பாய் மனசு ஒடிஞ்சு போவாருன்னு நத்தத்துக்கு ஓடுனீகளே, அவுக அண்ணன்கிட்ட அம்மா விதை கெடைச்சுச்சா?"